இழுத்தால் ஓடும்

குதிரை வாங்குகிறவன் பல்லைப் பார்ப்பான், குளம்பைப் பார்ப்பான். நான் விலையைப் பார்த்தேன். ஒன்டாரியோவில் சவாரிக்குப் பழகிய குதிரைக்குக் கேட்கிற காசில் ஒரு நல்ல கார் வாங்கலாம். வண்டிப் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற ஸ்டாண்டர்ட்பிரெட் அதில் சின்னப் பங்குக்கு வந்தது. ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்டிருக்கலாம். கேட்டால் ஏற்றிவிடுவார்களோ என்று வாயைத் திறக்கவில்லை.

ஸ்டாண்டர்ட்பிரெட் என்பது சல்க்கி என்ற இரட்டைச் சக்கர வண்டியை இழுத்து ஓடும் ஜாதி. நம்மூர் ரேக்ளா மாதிரிதான். ஓட்டுகிறவர் மட்டும் காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். ஒரு மைலை இரண்டு நிமிடத்துக்குள் முடிப்பதெல்லாம் இவற்றுக்குச் சாதாரணம். 2022இல் புல்டாக் ஹானோவர் என்ற குதிரை 1 நிமிடம் 45.8 விநாடியில் முடித்து உலக சாதனை செய்தது. நம்மாளுக்கு அந்தப் பெருமையெல்லாம் கிடையாது. பந்தயப் பெயர் நீளமாக இருந்ததால் ராசு என்று மாற்றினேன். எந்தப் பெயரைச் சொன்னாலும் திரும்பிப் பார்க்காது.

என் முன் அனுபவம் ஊட்டி ஏரிக்கரை. குதிரைக்காரப் பையன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். அதைத்தான் பயோடேட்டாவில் ‘ஹார்ஸ் ரைடிங்’ என்று பல வருஷமாகப் போட்டு வருகிறேன்.

“முதலில் நீள வாரைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து பழக்குங்கள், ஏறுவதெல்லாம் அப்புறம்” என்று லாயத்துக்காரம்மா சொன்னார். தலையாட்டினேன். அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போனதும் ஏறிவிட்டேன்.

ராசு தங்கம். சேணம் போட்டபோதும் முறைக்கவில்லை, நான் பொத்தென்று உட்கார்ந்தபோதும் துள்ளவில்லை. வாழ்நாள் முழுக்க முதுகிலும் வயிற்றிலும் வார் கட்டிப் பழகிய பிராணி. ஆனால் மனுஷன் பின்னால்தானே இருப்பான், இவன் எதற்கு மேலே ஏறியிருக்கிறான் என்பதுபோல ஒருமுறை திரும்பிப் பார்த்தது. குதிகாலால் விலாவில் தட்டினேன். அசையவில்லை. வண்டி ஓட்டுகிறவரின் கால் எந்தக் காலத்தில் அதன் மேல் பட்டது? வாரும் குரலும்தான் அதற்குத் தெரியும். நாக்கைச் சொடுக்கினேன். கிளம்பிவிட்டது. எனக்குத்தான் அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

நிறுத்த வேண்டுமானால் வாரை இழுக்க வேண்டும், அதுதானே உலக வழக்கம். பந்தயத்தில் வார் விறைப்பாகவே இருக்கும். குதிரை கடிவாளத்தில் சாய்ந்துகொண்டுதான் வேகம் எடுக்கும். நான் இழுத்தேன், அது சாய்ந்தது. இன்னும் இழுத்தேன், இன்னும் ஓடியது. இரண்டு பேரும் முழு ஒத்துழைப்போடு எதிரெதிர் வேலையில் இருந்தோம். கடைசியில் நிறுத்தியது வேலி.

இடவலமும் ஒரு தொல்லை. இந்த ஊர்ப் பந்தயங்கள் எல்லாமே கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் நடப்பவை. தினசரி மெதுவோட்டம் மட்டும் கடிகாரத் திசையில். ஆக, வலம் வந்தால் ராசு பென்ஷன்தாரர். இடம் வந்தால் பரிசுப் பணம் பாக்கி இருக்கிறது. நமக்கு எப்போதும் பிரதட்சிணம்தான் நல்லது என்று பாட்டி சொன்னதை அங்கே வைத்து ஒப்புக்கொண்டேன்.

கார் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். 1946இல் நியூயார்க்கின் ரூஸ்வெல்ட் ரேஸ்வேயில், இரண்டு பக்கமும் இறக்கை விரித்த காரின் பின்னால் குதிரைகளை வரிசையாக ஓடவிட்டு ரேஸைத் தொடங்கும் முறை வந்தது. இன்றைக்கும் அதே வழக்கம்தான். எனவே முன்னால் ஒரு வண்டி போனால் பின்தொடர்வது கடமை என்பது ராசுவின் கட்சி. லாயத்துக்குப் பார்சல் கொண்டுவந்த வேன் திரும்பிப் போகும்போது, நாங்கள் அதன் பின்னாலேயே கேட் வரை போனோம். டிரைவர் இறங்கி, இன்னும் எங்காவது கையெழுத்துப் போட வேண்டுமா என்று என்னையே கேட்டார்.

பிறகுதான் லாயத்துக்காரம்மா சொன்ன நீள வாருக்கு வந்தேன். குதிரை முன்னால், நான் பின்னால், பனிச் சேற்றில் நடை. காது குளிர வேலியோரம் நின்ற மனைவி கேட்டாள்: “ஏங்க, நடக்கிறதுக்கா குதிரை வாங்கினீங்க?”

ராசு பேஸர். ஒரு பக்கத்து முன்னங்காலும் பின்னங்காலும் சேர்ந்தே போகும். மேலே இருப்பவன் இடமும் வலமுமாக ஆடுவான். குறுக்கே கால் மாறும் ட்ராட் வரவைக்கத் தரையில் கட்டைகளைப் போட்டு அவற்றின்மேல் நடத்த வேண்டும். கட்டைகளை ராசு அழகாகத் தாண்டிவிடும். அடுக்கப் போன நான்தான் அடிக்கடி தடுக்கினேன்.

மிச்சம் இருந்தது கேன்டர், அதாவது தாவித் தாவிப் போகும் மிதமான பாய்ச்சல். ஸ்வீடன் விஞ்ஞானிகள் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றம்தான் இவற்றை வேகமாக ட்ராட்டும் பேஸும் ஓடவைக்கிறது. அதே மாற்றம் கேன்டருக்கு மாறுவதைக் கஷ்டமாக்குகிறது. ஜீன் அப்படி, சட்டமும் அப்படி. பந்தயத்தில் ஓட்டம் பிசகிக் கேன்டரோ அதைவிட வேகமான காலப்போ வந்தால், ஓட்டுகிறவர் குதிரையை வெளிப்பக்கம் ஒதுக்கி, வேகம் குறைத்து, நடையைச் சரிசெய்தாக வேண்டும். பழி ஜீன் மேல்தான் என்று வீட்டில் ஒரே சந்தோஷமாகச் சொன்னேன். “அது ராசுவோட ஜீன். உங்களுக்கு என்னப்பா?” என்றாள் மகள்.

ஒரு சாயங்காலம், மேட்டுப் பக்கம் ஏறும்போது, கேட்காமலே வந்தது. நாலைந்து பாய்ச்சல், அசல் கேன்டர். நான் கத்தக்கூட வாயெடுத்தேன். அதற்குள் தப்பு நடந்துவிட்டதென்று ராசுவுக்கே உறைத்திருக்க வேண்டும். யாரும் சொல்லாமல் வேகத்தைக் குறைத்து, வெளிப்பக்கமாக ஒதுங்கி, பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிட்டது. பின்னால் வந்தது லாயத்து நாய் மட்டும்தான். அது எங்களை ஓவர்டேக் செய்துகொண்டு போய்விட்டது.