உச்சியைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை

பீக் டிஸ்ட்ரிக்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அங்கே போனால் நாலு சிகரமாவது கண்ணில் படும் என்று யாருக்கும் தோன்றும். மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவில் இருக்கிறது. பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா, 1951-இல் அறிவித்தார்கள். அதில் இருப்பதிலேயே உயரமான மலை கிண்டர் ஸ்கவுட், 636 மீட்டர். மூச்சு வாங்க மேலே ஏறிப் பார்த்தால் மொட்டைமாடி மாதிரி இருக்கிறது. கூர்மையாக ஒன்றும் கிடையாது. கண்ணுக்கு எட்டிய வரை கறுப்புச் சேறு, பழுப்புப் புல், இடையிடையே பாறைகள்.

இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியவன் என் நண்பன். கல்லூரி நாட்களில் மதுரையில் தெருமுனை டீக்கடைக்குக்கூட பைக்கை எடுத்தவன் அவன். அந்த பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்துதான் நான் பட்டம் வாங்கினேன். மான்செஸ்டருக்கு வந்த பிறகு அவனுக்கு இந்த ஊர்க்காரர்களின் நோய் தொற்றிக்கொண்டது. வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சட்டபூர்வமாகக் கிடைத்த ஓய்வை எடுத்துக்கொண்டு போய் ஒரு மலைமேல் தொலைத்துவிட்டு வரும் நோய்.

"சும்மா ஒரு நடை போயிட்டு வருவோம் மாப்ள" என்றான்.

சும்மா நடப்பதற்கு அவன் கொண்டுவந்தவை: கணுக்காலை இறுக்கும் பூட்ஸ், அதற்கு மேலே முழங்கால் வரை ஓர் உறை, இரண்டு ஊன்றுகோல், மழைக்கோட்டு, அந்த மழைக்கோட்டு நனைந்தால் மாற்றிக்கொள்ள இன்னொரு மழைக்கோட்டு, திசைகாட்டி, ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடம், ஒரு விசில். வழி தவறினால் நிமிடத்துக்கு ஆறு முறை நீளமாக ஊத வேண்டுமாம். பிறகு ஒரு நிமிடம் சும்மா இருந்துவிட்டு மறுபடியும் ஆறு முறை. ஆறு முறை ஊத மூச்சு இருந்தால் நான் எதற்கு உதவி கேட்கப்போகிறேன் என்று கேட்டேன். பதில் இல்லை.

பிக்காடில்லி ஸ்டேஷனில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் ஈடேல். கடைசியில் கவ்பர்ன் சுரங்கம் வரும், மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளம். இந்தப் பக்கம் சுமாரான வெயிலோடு உள்ளே நுழைந்த ரயில் அந்தப் பக்கம் மழையில் வெளியே வந்தது. பெட்டியில் இருந்த யாரும் முகம் மாறவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் கோட்டு ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஈடேல் கிராமத்தில் ஓல்ட் நாக்ஸ் ஹெட் என்று ஒரு மதுக்கடை. பென்னைன் வே என்னும் நெடுநடைப் பாதை அதன் வாசலில் தொடங்கி, ஸ்காட்லாந்தில் கிர்க் யெட்டம் என்ற ஊரில் போய் முடிகிறது. 268 மைல். மதுரையில் கிளம்பியவன் ஏறக்குறைய தாம்பரத்தைத் தொட்டுவிடுவான். 1965-இல் திறந்து வைத்திருக்கிறார்கள். தொடங்குகிற இடத்தில் மதுக்கடையை வைத்தவர்களின் மனோதத்துவ அறிவை நான் மெச்சுகிறேன். பாதி ஜனம் உள்ளே போய்விடும், பாதையில் நெரிசல் இருக்காது. என்னையும் அந்தப் பாதியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் பார்த்தேன். காலை பத்து மணிக்குத் திறக்கமாட்டார்கள் என்று சொல்லிவிட்டான்.

போய்வரும் தூரம் சுமார் 14 கிலோமீட்டர். 1892-இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். நண்பன் அதன்படி மூன்றரை மணி நேரம் என்று போட்டான். நைஸ்மித் தன் கணக்கில் ஷூ கயிறு கட்டுவதையும், ஆட்டுக்கு வழிவிடுவதையும், ஒவ்வொரு வேலிப்படியின் மேலும் உட்கார்ந்து வாழ்க்கையை மறுபரிசீலனை செய்வதையும் சேர்க்கவில்லை.

முதல் சோதனை ஜேக்கப்ஸ் லேடர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேக்கப் மார்ஷல் என்ற விவசாயி தனக்காகச் செங்குத்தாக வெட்டிக்கொண்ட படிகள் என்கிறார்கள். பொதிக்குதிரைகளை வளைந்து வளைந்து போகிற சாய்வுப் பாதையில் அனுப்பிவிட்டு, இவர் படியேறி முன்னாலே போய்க் காத்திருப்பாராம். ஆக, குதிரைக்குச் சுலபமான வழி, மனிதனுக்குப் படிக்கட்டு. அந்தக் குதிரைப் பாதை இன்றைக்கும் இருக்கிறது. நான் யோசிக்காமல் குதிரைகளின் கட்சியில் சேர்ந்தேன். மேலே நண்பன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தான். மார்ஷலும் இப்படித்தான் நின்றிருப்பார், ஆனால் குதிரைகளை அவர் வீடியோ எடுத்திருக்கமாட்டார்.

ஏறும்போது ஒன்றைக் கவனித்தேன். ஆங்கிலேயர்கள் பேசுவதற்கென்று ஒரு குறைந்தபட்ச உயரம் இருக்கிறது. அதே ரயிலில், அதே பெட்டியில், எதிர்சீட்டில் முக்கால் மணி நேரம் என் முழங்காலைப் பார்த்துக்கொண்டே வந்தவர், 400 மீட்டர் உயரத்தில் என்னைக் கண்டதும் "மார்னிங்!" என்று உறவுக்காரர் மாதிரி கூவினார். எழுபது தாண்டிய ஒரு பாட்டி, நனைந்த நாயோடு எங்களைக் கடந்து போனார். காற்று என் தொப்பியை அடுத்த மாவட்டத்துக்கு அனுப்பிய சமயம் அது. "கொஞ்சம் காற்றாக இருக்கிறது, இல்லையா?" என்று சிரித்துவிட்டு மறைந்தார். நாய் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அதற்கும் வேறு வழியில்லை என்று புரிந்தது.

மேலே சில இடங்களில் சேற்றின் மீது பெரிய பெரிய கற்பலகைகள் பதித்திருக்கிறார்கள். லங்காஷயரில் இடித்துத் தள்ளிய பழைய பஞ்சாலைகளின் தரைக்கற்கள். ஹெலிகாப்டரில் தூக்கி வந்து போட்டவை. "நம்ம ஊர்ப் பருத்தி எத்தனை மூட்டை இந்தக் கல்லு மேல இறங்கியிருக்கும்!" என்று நண்பன் நெகிழ்ந்தான். எனக்குக் கல் இருக்கிறவரை சந்தோஷம். கல் முடிகிற இடத்தில்தான் வரலாறு என்னை உண்மையிலேயே உள்ளே இழுத்தது.

பீட் என்கிற அந்தக் கரிச்சேறு, பாசியும் புல்லும் செத்து, மட்காமல் படிந்து படிந்து உண்டானது. வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளருமாம். என் வலது கால் சொத்தென்று முழங்கால் அருகே வரை போயிற்று. நண்பன் கை கொடுப்பதற்கு முன் கணக்குப் போட்டான். "நாப்பது சென்டிமீட்டர் இருக்கும் மாப்ள. நானூறு வருசம். ஒன் கால் இப்ப திருமலை நாயக்கர் காலத்துல நிக்கிது." காலை மட்டும் இந்த நூற்றாண்டுக்கு மீட்டுவிட்டோம். பூட்ஸைத் திரும்ப வாங்க நாயக்கரோடு கொஞ்சம் போராட வேண்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் புதருக்குள்ளிருந்து ஒரு பறவை படபடவென்று கிளம்பியது. ரெட் கிரவுஸ். அதன் குரல் "கோ பேக், கோ பேக், கோ பேக்" என்று கேட்கும் என்பது இங்குள்ள நடைக்காரர்கள் எல்லாரும் சொல்வது. எனக்கும் அப்படியே கேட்டது. 1928-இல் சைமன் கமிஷனைப் பார்த்து நம் ஆட்கள் போட்ட கோஷம். கணக்குத் தீர்க்க ஒரு பறவையை வளர்த்திருக்கிறார்கள்.

வளர்த்திருக்கிறார்கள் என்பது முழுக்க விளையாட்டுப் பேச்சு இல்லை. இந்தப் பறவையைச் சுடுவதற்காகவே பிரபுக்கள் இந்த மலைகளை மூடி வைத்திருந்தார்கள். மான்செஸ்டர் ஆலைப் புகையில் வாரம் முழுக்க இருமிய தொழிலாளிக்கு, ஞாயிற்றுக்கிழமை கண்ணுக்கு எதிரே மலை தெரியும், கால் வைக்க முடியாது. 1932 ஏப்ரல் 24 அன்று சில நூறு பேர் ஹேஃபீல்ட் பக்கமிருந்து கிளம்பி, காவல்காரர்களோடு மல்லுக்கட்டி, இந்த மலையில் ஏறினார்கள். தலைமை தாங்கிய பென்னி ராத்மனுக்கு வயது 20. ஐந்து பேருக்குச் சிறை, இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை. அத்துமீறி நுழைவது அப்போது கிரிமினல் குற்றமே இல்லை என்பதால் கலகம், அடிதடி என்று வேறு வழக்குப் போட்டு உள்ளே தள்ளினார்கள். எழுபது வருடம் கழித்து, 2002-இல், அன்றைய டெவன்ஷயர் பிரபு, மலையை மூடி வைத்த பிரபுக்களில் ஒருவரான தன் தாத்தா செய்தது தப்பு என்று பொதுமேடையில் மன்னிப்புக் கேட்டார். திறந்தவெளிகளில் நடக்கும் உரிமைக்கான சட்டம் 2000-இல்தான் வந்திருந்தது.

இதையெல்லாம் நண்பன் ஒரு பாறைக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு, புளியோதரை டப்பாவைத் திறந்தபடி சொன்னான். குளிரில் புளியோதரை விறைத்து ஒரே கட்டியாக நின்றது. கேட்கக் கேட்க எனக்குள் ஒரு கேள்வி உறுத்தியது. ஜெயிலுக்குப் போய் வாங்கிய உரிமை. அதை வைத்துக்கொண்டு இவர்கள் செய்வது, சேற்றில் நடந்து, ஈரமாகி, குளிரில் டீ குடித்துவிட்டு இறங்குவது. நம் ஊரில் இவ்வளவு ஏறினால் உச்சியில் ஒரு முருகனாவது இருப்பார், விபூதி கிடைக்கும், வேண்டுதலுக்கு ரசீது கிடைக்கும். இங்கே கேட்பதற்கு ஒன்றுமில்லை, கொடுப்பதற்கும் ஆளில்லை. ஒன்றுமே கிடைக்காத இடத்துக்குப் போவதற்காகச் சிறை சென்றவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது. எனக்கு அந்தத் தியாக மனம் கிடையாது. ஏறியதற்கு ஓர் உச்சியாவது காட்டு என்றேன்.

காட்டினான். கிண்டர் லோ என்ற இடத்தில், பாறை மேல் வெள்ளையடித்த ஒரு கான்கிரீட் தூண். 1936 முதல் நாடு முழுக்க நிலம் அளப்பதற்காக இப்படி ஆறாயிரத்துச் சொச்சம் தூண்கள் கட்டினார்களாம். இப்போது செயற்கைக்கோள் அளப்பதால் தூணுக்கு வேலையில்லை; தொட்டுக் கும்பிடுவதற்கு என்று வைத்திருக்கிறார்கள். கும்பிடவில்லை, ஆனால் மூன்று குடும்பங்கள் வரிசையில் நின்று தொட்டன. நானும் தொட்டேன்.

"முடிஞ்சதா? எறங்கலாமா?"

"இது 633 தான்டா. உச்சி 636. அது அங்கிட்டு" என்று மூடுபனிக்குள் கை காட்டினான்.

மூன்று மீட்டர். என் வீட்டுப் பரணே அந்த உயரம் இருக்கும். அந்த மூன்று மீட்டருக்காகச் சேற்றுக் கால்வாய்களில் இறங்கி ஏறி, இறங்கி ஏறி நடந்தோம். ஏறுவதற்கென்று சரிவு இல்லாத இடத்தில் உச்சியை எப்படிக் கண்டுபிடிப்பது? வரைபடத்தைக் காற்று பிடுங்கியது. திசைகாட்டி ஒரு பக்கம் சொன்னது, அவன் கைபேசி இன்னொரு பக்கம். கடைசியில் சேற்றுக்கு நடுவே நாலைந்து கற்களை யாரோ குவித்து வைத்திருந்தார்கள். "இதுதான்!" என்று அவன் கோல்கள் இரண்டையும் தூக்கினான். பனிக்குள்ளிருந்து ஒருவர் தோன்றி, மிக மரியாதையாக, உண்மையான உச்சி அந்தப் பக்கம் ஐம்பது அடி தள்ளி இருக்கலாம் என்பது தன் தாழ்மையான கருத்து என்று சொல்லிவிட்டு மறைந்தார். நண்பனின் முகத்தைப் பார்த்தேன். இப்போது ஏதாவது செய்யாவிட்டால் இருட்டும் வரை இங்கேதான். அருகிலிருந்த ஒரு சேற்றுத் திட்டின் மேல் ஏறி உட்கார்ந்து, மாவட்டத்திலேயே உயரமான பொருள் இப்போது என் தலைதான், படம் எடுத்துக்கொள் என்றேன். எடுத்துக்கொண்டான். படத்தில் பனி நன்றாக விழுந்திருந்தது.

கிண்டர் டவுன்ஃபால் என்று முப்பது மீட்டர் அருவி இருக்கிறது, மேற்குக் காற்று அடித்தால் தண்ணீர் கீழே விழாமல் மேலே பறக்கும், பார்த்துவிட்டுப் போவோம் என்றான். தண்ணீர் மேல்நோக்கிப் பறப்பதைக் காலையிலிருந்து என் சட்டைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று இறங்கத் தொடங்கிவிட்டேன். கிரைண்ட்ஸ்புரூக் ஓடைப் பள்ளத்தின் வழி இறக்கம், முழங்காலுக்கு என்று தனியாகப் போட்ட பாதை.

நைஸ்மித்தின் மூன்றரை மணி நேரம் ஏழு மணி நேரமாகியிருந்தது. மதுக்கடை திறந்திருந்தது. கணப்பு எரிந்தது, தரையெல்லாம் சேற்று நாய்கள். உருளைக்கிழங்கு வறுவலும் சூடான சூப்பும் வந்தன. நண்பன் மேசையில் ஈர வரைபடத்தை ஒதுக்கிவிட்டு, பையிலிருந்து இன்னொன்றை விரித்தான்.

"அடுத்த தடவை லேக் டிஸ்ட்ரிக்ட் மாப்ள. ஸ்கேஃபெல் பைக், 978 மீட்டர். இங்கிலாந்துலயே அதுதான் ஒசரம்."

"உச்சி இருக்கா?"

"பக்காவா இருக்கு. கீழ இருந்து பாத்தாலே தெரியும்."

"அப்ப கீழ இருந்தே பாத்துக்குவோம்" என்று சூப்பை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.