ஒரு ‘டி’யா, இரண்டு ‘டி’யா?

கேள்வி: என் மாமனார் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவர். ‘அட்ரஸ்’ எழுத ஒரு ‘டி’ போதும் என்கிறார். பேத்தியின் ஆசிரியையோ இரண்டு கேட்கிறார். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகி, திருமலைராயன்பட்டினம்

பதில்: இருவருமே சரி. மாமனார் எழுதுவது பிரெஞ்சு, ஆசிரியை கேட்பது ஆங்கிலம். 1954 நவம்பர் வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊராயிற்றே, இரண்டு மொழிகளும் உங்கள் வீட்டுத் திண்ணையில் சந்தித்துக்கொள்கின்றன. பிரெஞ்சில் ஒரு ‘டி’, முடிவில் ‘இ’. ஆங்கிலத்தில் இரண்டு ‘டி’, ‘இ’ இல்லை. ஆனால் ஆங்கிலம் இச்சொல்லைப் பிரெஞ்சிடம் வாங்கியபோது ஒரு ‘டி’யோடுதான் வாங்கியது. லத்தீன் மோகம் கொண்ட படிப்பாளிகள் பிறகு இன்னொன்றைச் சேர்த்தார்கள். கடனைக் குறிக்கும் ‘டெட்’டுக்குள் யாரும் உச்சரிக்காத ‘பி’ நுழைந்ததும் அப்படித்தான். பிரெஞ்சுக்காரர்கள் ‘பி’ இல்லாமலே கடன் வாங்குகிறார்கள்! ‘ஐலண்ட்’டில் ஊமையாக நிற்கும் ‘எஸ்’ சுத்தமான தவறு; வேறு வேரிலிருந்து வந்த ‘ஐல்’ என்ற சொல்லைப் பார்த்து ஒட்டவைத்தது. அதை விட்டுவிட்டு எழுதும் பிள்ளையை யாரும் திட்டக்கூடாது, திருத்தினால் போதும்.

திருமணத்துக்கும் கவனம் தேவை: ‘மேரேஜ்’ ஆங்கிலத்தில் இரண்டு ‘ஆர்’, பிரெஞ்சில் ஒன்று. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீடுகளில் இருமொழிப் படிவங்களும் வரும், எந்த மொழி என்று முதலில் பாருங்கள்.

சிலேடைக்குப் பேர்போன காளமேகப் புலவரின் கதை வழங்கும் ஊர் உங்களுடையது. அவர் கையில் ‘ஸ்டேஷனரி’ கிடைத்திருந்தால் ஒரு வெண்பா தேறியிருக்கும்: அசையாமல் நிற்பதற்கு ‘ஆர்’ எழுத்துக்கு முன் ‘ஏ’, காகிதம் விற்கும் கடைக்கு ‘இ’. பேத்தியிடம் ‘என்வலப்’பின் முதலெழுத்தை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.