எவ்வளவு தூரம் சார் தெரியும்?

முதல் டெலஸ்கோப் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்க வந்தால், உட்கார்ந்ததும் கேட்பது இதைத்தான். வீட்டில் ஒரு டெலஸ்கோப் இருக்கிறது என்கிற ஒரே தகுதியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நான்தான் வானியல் ஆலோசகர். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, பத்தாம் வகுப்புப் பையனின் அப்பா, மாப்பிள்ளை அமெரிக்காவிலிருந்து வரும்போது வாங்கிவரச் சொல்ல உத்தேசித்திருக்கும் மாமனார் என்று யார் வந்தாலும் இதே கேள்வி.

"வெறும் கண்ணுக்கே 25 லட்சம் ஒளியாண்டு தெரியுமே சார்" என்பேன். பொய்யில்லை. நல்ல இருட்டான ஊரில் ஆண்ட்ரோமீடா கேலக்ஸி ஒரு மங்கலான திட்டாகக் கண்ணுக்குத் தெரியும். அது இருப்பது அவ்வளவு தொலைவில். வந்தவர் முகம் சுருங்கிவிடும். இலவசமாகவே 25 லட்சம் ஒளியாண்டு கிடைக்கும்போது காசு எதற்குக் கொடுப்பது என்கிற நியாயமான கவலை.

சமாளித்துக்கொண்டு அடுத்ததைக் கேட்பார்: "சரி, எத்தனை மடங்கு பெருசாக் காட்டும்? 525 மடங்குன்னு ஒண்ணு பாத்தேன்."

அந்த 525 எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். டெலஸ்கோப்பின் பெரிய கண்ணாடிக்கு ஒரு குவியத் தூரம் உண்டு. அதை, நாம் கண் வைக்கும் ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவதுதான் உருப்பெருக்கம். கண்ணாடிக்கு 700 மி.மீ., ஐபீஸுக்கு 4 மி.மீ. என்றால் 175. பெட்டியின் மூலையில் மூன்று மடங்கு பார்லோ லென்ஸ் என்று ஒரு பிளாஸ்டிக் குழல் கிடக்கும். 175-ஐ மூன்றால் பெருக்கினால் 525. கணக்கில் ஒரு பிசகும் இல்லை. நுகர்வோர் நீதிமன்றத்துக்கே போனாலும் நிற்கும். ஆனால் கண்ணாடியின் விட்டம் எத்தனை மி.மீட்டரோ, அதைப் போல இரண்டு மடங்குதான் ஒரு டெலஸ்கோப் உருப்படியாகத் தாங்கும். 76 மி.மீ. கண்ணாடிக்கு 152. அதற்கு மேல் போனால் நிலா பெரிதாகத்தான் ஆகும், கூடவே மங்கலும் பெரிதாகும். கலிலியோ 1610-ல் வியாழனின் நான்கு நிலாக்களைக் கண்டது சுமார் 20 மடங்கு காட்டிய குழாயில். அவர் கையில் 525 கிடைத்திருந்தால், பாவம், வியாழனையே பிடித்திருக்க மாட்டார்.

பெட்டியில் எண்ணுக்குப் பக்கத்திலேயே ஒரு படமும் இருக்கும். சிவப்பும் நீலமுமாகப் பொங்கி வழியும் ஒரு நெபுலா. ஹப்பிள் எடுத்ததாக இருக்கும். நம் கண்ணுக்கு அது சாம்பல் நிறப் புகைதான். மங்கிய வெளிச்சத்தில் மனிதக் கண் நிறம் பார்ப்பதில்லை. அதற்கு எந்தக் கம்பெனியையும் குறை சொல்ல முடியாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹப்பிளின் கண்ணாடி 2.4 மீட்டர். ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் இருக்கும் பெரிய டெலஸ்கோப்பின் கண்ணாடி 2.34 மீட்டர். ஆறு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் ஹப்பிளின் மொட்டை மாடி சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில், காற்றும் மேகமும் தெருவிளக்கும் தொடாத இடத்தில் இருக்கிறது. கண்ணாடி எத்தனை பெரிதானாலும் மாடி முக்கியம் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

நான் சொல்ல வருவதும் அதுதான். டெலஸ்கோப்பை வானத்தைப் பார்த்து வாங்காதீர்கள், மாடிப்படியைப் பார்த்து வாங்குங்கள்.

பெரிய கண்ணாடிதான் நல்ல கண்ணாடி, சந்தேகமில்லை. இருட்டில் நம் கண்மணி 7 மி.மீ. விரிகிறது என்று வைத்துக்கொண்டால், 70 மி.மீ. டெலஸ்கோப் அதைவிட 100 மடங்கு வெளிச்சத்தை அள்ளும். எட்டு அங்குலம் என்றால் 800 மடங்குக்கும் மேல். கேட்கும்போதே ஆசையாக இருக்கும். ஆனால் அந்த எட்டு அங்குலம், தாங்கியோடு சேர்த்து 20 கிலோவைத் தாண்டும். எங்கள் லிஃப்ட் கடைசி மாடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் இரண்டு மடிப்புப் படிக்கட்டு, ஒரு இரும்புக் கதவு. கதவின் சாவி சங்கச் செயலாளரிடம். அவர் ஒன்பதரைக்குத் தூங்கிவிடுவார். சாவி கிடைத்து மேலே போனால் யாரோ போர்வை காயப்போட்டிருப்பார்கள். அதை விலக்கினால் தெற்கு வானம், இன்னொன்றை விலக்கினால் மேற்கு வானம். இதையெல்லாம் தாண்டி டெலஸ்கோப்பை நிறுத்தும்போது மேகம் வரும், கொசு அதற்கு முன்பே வந்திருக்கும். 20 கிலோவைச் சுமந்தவர் இந்தச் சடங்கை இரண்டாம் முறை செய்ய மாட்டார். அதன்பின் டெலஸ்கோப் வரவேற்பறை மூலையில் நிற்கும். விருந்தாளிகள் அதைப் பார்த்து "எவ்வளவு தூரம் தெரியும்?" என்று கேட்பார்கள்.

அடுத்தது தாங்கி. ஈக்விடோரியல் மவுண்ட் என்று ஒன்று இருக்கிறது. பார்த்தாலே விஞ்ஞானி வீடு என்று தோன்றும். கம்பியும் எடையும் திருகுமாக இருக்கும். அதன் ஒரு அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைத்துவிட்டால், மணிக்கு 15 டிகிரி நகரும் வானத்தை ஒரே திருகைத் திருப்பிப் பின்தொடரலாம். அருமையான ஏற்பாடு, லண்டனில். அங்கே துருவ நட்சத்திரம் 51 டிகிரி உயரத்தில் நிற்கிறது. சென்னையில் 13 டிகிரி, கன்னியாகுமரியில் 8. அதாவது பக்கத்து அபார்ட்மெண்டின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். தெரியாத நட்சத்திரத்தை நோக்கித் தலையாட்டுவது நமக்குப் புதிதில்லை, கல்யாணத்தில் பட்டப்பகலில் அருந்ததி பார்த்தவர்கள்தானே. ஆனால் திருகுகள் அந்தச் சமாதானத்தை ஏற்பதில்லை.

இந்த இடத்தில் ஒரு சந்நியாசி நம்மைக் காப்பாற்றுகிறார். ஜான் டாப்ஸன் 1915-ல் பெய்ஜிங்கில் பிறந்தவர். கலிஃபோர்னியாவில் இராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தார். கப்பல் ஜன்னலின் தடித்த கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்துக் குழியாக்கி, அட்டைக் குழாயில் பொருத்தி, பிளைவுட் பெட்டியில் நிறுத்தினார். மேலும் கீழும் ஆட்டலாம், பக்கவாட்டில் சுற்றலாம். அவ்வளவுதான், திருகு கிடையாது, துருவம் தேட வேண்டாம். அதைத் தெருவில் வைத்துப் போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு நிலாவைக் காட்டினார். மடத்துக்கு இது சரிப்படவில்லை; 1967-ல் வெளியே அனுப்பிவிட்டார்கள். முற்றும் துறந்தவருக்குத் துறக்க மடம் ஒன்று மிச்சமிருந்திருக்கிறது. தன் வடிவமைப்புக்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. துறவிக்கு வேந்தனே துரும்பு என்றால் காப்புரிமை எந்த மூலைக்கு? அதனால்தான் இன்றைக்கு டாப்ஸோனியன் வகை எல்லோர் கைக்கும் எட்டுகிறது.

ஆகவே என் சிபாரிசு: ஐந்து அங்குலம், அதாவது 130 மி.மீ. கண்ணாடி வைத்த சின்ன டாப்ஸோனியன். மேஜைமேல் வைக்கும் ரகம். ஒரு கையில் டெலஸ்கோப், மறு கையில் ஆடாத ஸ்டூல் என்று ஒரே நடையில் மாடிக்குப் போய்விடலாம். ஸ்டூல் ஆடினால் சனிக் கிரகமும் ஆடும், பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பிடிச் சுவருக்கு மேலே குழாய் தெரிகிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் பார்க்கக் கிடைப்பது சுண்ணாம்புதான். டெலஸ்கோப்புக்குச் செலவு செய்ய மனம் வராதவர்கள் 10×50 பைனாகுலர் வாங்கலாம். கார்த்திகைக் கூட்டம் அதில் தெரியும் அழகு டெலஸ்கோப்பில்கூட வராது. ஆர்வம் வடிந்தாலும் கிரிக்கெட்டுக்கு ஆகும்.

வாங்கியதும் நாள் பார்க்க வேண்டும். அதற்கான கருவி எல்லோர் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது: தினசரி காலண்டர். ஆனால் தலைகீழாகப் படிக்க வேண்டும். பௌர்ணமி நிலா டெலஸ்கோப்புக்கு ஆகாது. வெயில் நேராக விழுவதால் நிழலே இருக்காது, கண் கூசும். வளர்பிறை அஷ்டமி, நவமிதான் உத்தமம். பாதி நிலாவில் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டின் ஓரமாக, ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பும் நிழல் போட்டுக்கொண்டு நிற்கும். நல்ல காரியம் எதற்கும் ஆகாது என்று நம் முன்னோர் ஒதுக்கிய இரண்டு திதிகளும் இதற்காகவே ஒதுக்கப்பட்டவை போலிருக்கிறது. மங்கலான பொருள்களுக்கு அமாவாசை. பகலில் மட்டும் வேண்டவே வேண்டாம். டெலஸ்கோப் வழியாகச் சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும், இதில் விளையாட்டில்லை. ஐபீஸில் மாட்டும் சின்னக் கறுப்புக் கண்ணாடி பெட்டியில் இருந்தால், அது சூட்டில் விரிசல் விடக்கூடியது. முதல் வேலையாகக் குப்பையில் போடுங்கள்.

கோடையில் வடக்கே சப்தரிஷி மண்டலத்தின் வாலில் வசிஷ்டரும் அருந்ததியும் வெறும் கண்ணுக்கே தெரிவார்கள். இந்தச் சின்ன டெலஸ்கோப்பில் வசிஷ்டரே இரண்டாகப் பிரிந்துவிடுவார். வங்கி அதிகாரியின் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்கறது யாரு?" என்றார். அருந்ததி தள்ளி நிற்பதையும் அவரே கவனித்துவிட்டார். கணவர் அவசரமாக, "சனி இப்ப தெரியுமா சார்?" என்று பேச்சை மாற்றினார்.

சனி என்றதும் எங்களுக்குக் கீழ்வீட்டு அம்மா ஞாபகம் வருகிறது. பெயர்ச்சிக்குப் பெயர்ச்சி திருநள்ளாறு போகிறவர். சனி சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 29½ ஆண்டு ஆகிறது. அதைப் பன்னிரண்டு ராசிக்கும் பங்கிட்டால் ராசிக்கு இரண்டரை ஆண்டுதான் என்று சொன்னபோது, வானியலுக்கும் கொஞ்சம் விஷயம் தெரிந்திருக்கிறது என்பதுபோல் தலையசைத்தார். ஆனால் ஐபீஸ் பக்கம் வர மறுத்தார்.

"சனீஸ்வரன நேருக்கு நேர் பாக்கக் கூடாது தம்பி. கோயில்லயே ஒதுங்கி நின்னுதான் கும்பிடுவோம்."

"நேருக்கு நேர் இல்லம்மா. அவர் வெளிச்சம் அடியில இருக்கற கண்ணாடியில பட்டு, மேல வந்து, இன்னொரு குட்டிக் கண்ணாடியில திரும்பி, குழாய்க்குப் பக்கவாட்டுல வருது. நீங்க ஒதுங்கி நின்னுதான் பாக்கறீங்க."

குழாயைச் சுற்றிவந்து பரிசோதித்தார். நியூட்டன் 1668-ல் முதன்முதலில் இந்த ரகத்தைச் செய்தபோது திருநள்ளாற்றை மனத்தில் வைத்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் லென்ஸ் டெலஸ்கோப்பை விட்டு இதை வாங்கச் சொல்ல, நம் ஊரில் இதைவிட வலுவான காரணம் கிடையாது.

கண்ணை வைத்தார். 65 மடங்கு. வளையத்தோடு சனி, ஓரத்தில் புள்ளியாக டைட்டன். சற்று நேரம் பேச்சில்லை.

"ஆளு லட்சணமாத்தான் இருக்கார். இவரா இந்தப் பாடு படுத்தறார்?"

பிறகு, என்னிடம் யோசனை கேட்டுவந்த எவரும் இதுவரை கேட்காததைக் கேட்டார்: "பேரனுக்கு ஒண்ணு வாங்கலாம்னா, இத நான் ஒருத்தியே மாடிக்குத் தூக்கிட்டு வர முடியுமா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சனியைப் பாதியில் விட்டுவிட்டு டெலஸ்கோப்பை அப்படியே ஸ்டூலிலிருந்து தூக்கிப் பார்த்தார்.

"காஸ் சிலிண்டருக்கு எவ்வளவோ தேவலாம். வாங்கிடுவோம்."