அந்த மணிக்கூட்டைக் கொஞ்சம் இரவல் தாருங்கள்

இலங்கைப் பாராளுமன்றம்,
ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டை.

2025 மே

பெருமதிப்பிற்குரிய பாராளுமன்றம் அவர்களே,

வன்னியிலிருந்து வணக்கம். நாங்கள் இருக்கிறோம். நீங்கள் நலமாயிருப்பதை நேரலையில் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

போன கிழமை தேத்தண்ணிக் கடையில் ஒரு கைப்பேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து, கூடியிருந்து உங்களைத் தரிசித்தோம். எங்கள் பக்கத்து எதிர்க்கட்சி உறுப்பினர் தனக்குக் கிடைத்த எட்டு நிமிடத்துக்கு எழும்பினார். காணி வர்த்தமானியில் தொடங்கி, வட்டுவாகல் பாலத்துக்கு வந்து, சட்டவிரோத மீன்பிடியைத் தொட்டு, வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல்லில் கால் வைத்த நேரம் தவிசிலிருந்து அந்தத் திருவாக்கு வந்தது: "கௌரவ உறுப்பினர் அவர்களே, உங்களுடைய நேரம் முடிவடைந்துவிட்டது." ஒலிவாங்கி அணைந்தது. அவருடைய வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கடைக்காரர் கைப்பேசியை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார், பழுது இங்கேயா அங்கேயா என்று.

கோபிக்கவில்லை, வியந்தோம். எங்கள் பக்கத்தில் எதுவும் சொன்ன நேரத்துக்கு முடிந்து நாங்கள் கண்டதில்லை. வீட்டுத்திட்டம் முடியாது, விசாரணை முடியாது, வழக்கு முடியாது. சொன்ன நொடியில் ஒன்றை முடித்துவைக்கும் கருவி இந்த நாட்டிலேயே இருக்கிறதென்பது எங்களுக்குப் புதுச் செய்தி. ஆகவே பணிவான விண்ணப்பம்: அந்த மணிக்கூட்டை ஒரு கிழமைக்கு வன்னிக்கு இரவல் தாருங்கள். பத்திரமாகத் திருப்பித் தருவோம். எடுத்த பொருளை உரியவரிடம் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் எங்களிடம் இன்னும் இருக்கிறது.

முதலில் கேப்பாப்புலவுக்குக் கொண்டுபோவோம். 2012 செப்டெம்பரில், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக்பாம் முகாமை மூடியபோது, அந்த ஊர்ச் சனத்தைப் படை பிடித்துவைத்திருந்த சொந்தக் காணிக்கு விடாமல் மாதிரிக் கிராமத்தில் இறக்கினார்கள். 2017 மார்ச்சில் சனம் படைமுகாம் வாசலில் போய்க் குந்தியது. கொஞ்சம் விட்டார்கள், மிச்சத்தில் இன்னும் படைதான் இருக்கிறது. அந்தப் படலையில் உங்கள் மணிக்கூட்டைக் கொழுவி, எட்டு நிமிடம் வைத்து, "கௌரவ இராணுவம் அவர்களே, உங்களுடைய நேரம் முடிவடைந்துவிட்டது" என்று ஒருமுறை சொல்லிப் பார்க்க ஆசை. மேலதிக நேரம் கேட்டால் கொடுக்க வழியில்லை. பதினாறு வருஷத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.

அடுத்தது குருந்தூர்மலை. நீதிமன்றம் நிறுத்தச் சொன்ன பிறகும் அங்கே விகாரை வளர்ந்தது. நேரம் முடிந்தது கட்டியவர்களுக்கல்ல, நீதிபதிக்கு. 2023 ஜூலையில் அன்றைய உறுப்பினர் சரத் வீரசேகர உங்கள் சபையில், சிறப்புரிமையின் நிழலில் நின்று, அந்த வழக்கை விசாரித்த முல்லைத்தீவு நீதிபதியைத் தாக்கிப் பேசினார். செப்டெம்பரில் அந்த நீதிபதி ரி. சரவணராஜா, உயிரச்சுறுத்தல் என்று எழுதிவைத்துப் பதவியை விட்டு, நாட்டையும் விட்டுப் போனார். வீரசேகர பேசிய அன்றைக்கு மணிக்கூட்டுக்குச் சாவி கொடுக்க மறந்திருப்பார்கள். மறதி எல்லோருக்கும் வருவதுதான்.

ஆனால் அதே மணிக்கூடு எங்களுக்கென்றால் என்ன வேகம் ஓடும் என்பதை மார்ச் 28 வர்த்தமானியில் கண்டோம். காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ் வடக்கில் 5,941 ஏக்கர். யாழ்ப்பாணம் 3,669, முல்லைத்தீவு 1,703, கிளிநொச்சி 515, மன்னார் 54. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணி. வவுனியாக்காரர் தங்கள் பெயரைக் காணவில்லையென்று கவலைப்பட வேண்டாம். அவர்களுக்குத்தான் எல்லைக்கல் நட வனவளத் திணைக்களம் இருக்கிறதே. சனத்தின் காதுக்கு விஷயம் வந்து சேரவே பாதித் தவணை போய்விட்டது. காணிக்காரரில் பலர் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள்; சிலர் எங்கே இருக்கிறார்களென்று வீட்டார் இன்னும் உங்களிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அம்மா தன் ஆவணங்களையெல்லாம் ஒரு சொப்பிங் பையில் போட்டு வைத்திருக்கிறார். முகாமில் கொடுத்த பதிவுத் துண்டு, நிவாரண அட்டை, கிராம சேவகர் கொடுத்த கடிதம், மூன்றையும் சேர்த்துக் குத்திய துருப்பிடித்த ஊசி. காணி உறுதி மட்டும் இல்லை. 2009 மே நடுவில், போர் முடிகிற நேரம், வட்டுவாகல் பாலத்தைத் தாண்டி வந்த சனத்தின் கையில் என்ன இருந்தது, என்ன இருக்கவில்லை என்று உங்கள் ஆமிக்கு நன்றாகத் தெரியும். அவர்கள்தானே பையைத் திறந்து பார்த்தார்கள். பிள்ளையைத் தூக்குவதா, உறுதிப் பெட்டியைத் தூக்குவதா என்று நின்ற இடத்தில் எங்கள் சனம் பிள்ளையைத் தூக்கியது. அந்தக் குற்றத்துக்குத்தான் இப்போது காணியைத் தண்டமாகக் கேட்கிறீர்களா? அடித்து விரட்டினவன் திரும்பி வந்து வீட்டுக்காரனிடம் அத்தாட்சி கேட்கிற நியாயத்தை எந்தச் சட்டப் புத்தகத்தில் படித்தீர்கள்? வெட்கமாயில்லையா உங்களுக்கு?

மன்னிக்க வேண்டும். என்னுடைய ஒலிவாங்கியைத் தவறுதலாகத் திறந்து வைத்துவிட்டேன்.

பாலம் என்றதும் நன்றி சொல்லவும் ஞாபகம் வருகிறது. இந்த வருஷ வரவு செலவுத் திட்டத்தில் வட்டுவாகல் பாலத்துக்கு 1,000 மில்லியன் ரூபா ஒதுக்கினீர்கள். எங்கள் எம்.பி. துரைராசா ரவிகரன் போன்றவர்கள் தொண்டை வறளக் கேட்டதற்கு ஏதோ பலன். ஒதுக்கிய காசு கொழும்பிலிருந்து நந்திக்கடல் வரைக்கும் வந்து சேருமட்டும் பழைய பாலத்திலேயே போய்வருகிறோம். எதிரே ஒரு பஸ் வந்தால் இந்தக் கரையில் ஒதுங்கி நிற்க வேண்டும். அப்படி நிற்கிற நேரத்தில் எங்கள் உறுப்பினருடைய பேச்சு தொடங்கி, அணைந்து, அமைச்சருடைய பதிலும் வந்துவிடும்.

எங்கள் உறுப்பினரை மட்டும் குறைசொல்லி என்ன? உங்கள் 225 கதிரைகளில் வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு ஆறு. அந்த ஆறிலும் இரண்டு ஆளும் பக்கம். கிளிநொச்சியைக் கொண்டுபோய் யாழ்ப்பாணக் கணக்கில் எழுதிவிட்டீர்கள். 159 பேரோடு இருக்கும் ஆளும் தரப்பிடம் ஒன்றை நைசாக ஞாபகப்படுத்திவிடுங்கள்: போன பாராளுமன்றத்தில் அவர்கள் மூன்றே மூன்று பேர். சின்னக் கட்சிக்குப் பிய்த்துக் கொடுக்கிற நிமிடத்தின் ருசி அவர்களுக்குத் தெரியாததல்ல.

எங்கள் எம்.பி.மாருக்கும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். எட்டு நிமிடத்தில் பதினைந்து பிரச்சினையை ஓடி ஓடி வாசிப்பார்கள். ஒன்றைப் பிடித்து, பதில் வருமட்டும் விடாமல் கேட்கமாட்டார்கள். பின்னேரம் அந்தத் துண்டு "சபையில் கர்ஜனை" என்று முகநூலில் ஏறும். "ஆராய்ந்து பார்க்கிறேன்" என்பார் அமைச்சர். கர்ஜனை, ஆராய்ச்சி இரண்டும் ஹன்சார்ட்டில் அச்சாகும். இப்படிப் பார்த்தால் வன்னியில் ஒரு பிடி மண்ணைக்கூட நாங்கள் இழக்கவில்லை. எல்லாம் ஹன்சார்ட்டில் ஏக்கர் கணக்காகப் பத்திரமாக இருக்கிறது. குடியேறத்தான் வழி தெரியவில்லை.

விண்ணப்பத்தைச் சுருக்குகிறேன். மணிக்கூட்டை வெளியே கொண்டுபோக நிலையியற் கட்டளைகள் இடந்தராது என்று செயலாளர் நாயகம் சொல்லக்கூடும். பரவாயில்லை, மாற்று வழியும் யோசித்து வைத்திருக்கிறோம். அந்த வர்த்தமானியை மீளப்பெறச் சொல்லுங்கள். அதற்கு விவாதம் வேண்டாம், உபகுழு வேண்டாம், எங்களுக்கு நிமிடம் பிரித்துத் தரவும் வேண்டாம். ஒரு கையொப்பம் போதும். கௌரவ அமைச்சர் நிதானமாக எழுதினாலும் எட்டு வினாடிக்கு மேல் போகாது.

இப்படிக்கு,
தன் காணி தன்னுடையதுதான் என்று சொல்ல
ஜூன் 28 வரை நேரம் ஒதுக்கப்பட்டிருக்கும்
முல்லைத்தீவுவாசி ஒருவர்