ஆசிரியர் அறைக்கு ஒரு தவக்காலம்

கத்தோலிக்கப் பள்ளிகளில் தவக்காலம் வந்தால் முதலில் சோதனைக்குள்ளாவது பிள்ளைகளின் டிபன் பாக்ஸ்தான். காலை அசெம்பிளியில் ஒரு சிற்றுரை, வகுப்பில் "நீ இந்த வருஷம் எதை விடப்போகிறாய்?" என்றொரு விசாரணை, மதியம் கோழி வாசனை எழுந்தால் நான்கு பக்கமும் திரும்பும் தலைகள். என் கட்சி இதுதான்: தவக்காலம் வகுப்பறைக்கு உரியதல்ல, ஆசிரியர் அறைக்கு உரியது. இதை நானாகச் சொல்லவில்லை. 1983-ஆம் ஆண்டின் லத்தீன் திருச்சபைச் சட்டத்தில் 1252-ஆம் விதி சொல்கிறது. சுத்தபோசனம், அதாவது இறைச்சியை விலக்கும் கடமை, 14 வயது நிறைந்தவர்களுக்கு. ஒருசந்தி, அதாவது நாளில் ஒரு வேளை மட்டும் வயிறார உண்ணும் கடமை, 18 வயது நிறைந்ததிலிருந்து 60-ஆம் வயது தொடங்கும்வரை. எட்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இரண்டுமே இல்லை. பிளஸ் டூ மாணவனுக்குப் பாதிக் கடமை. முழுக் கடமையும் சேர்ந்து விடிந்திருப்பது வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்கள் தலையில்.

திருவனந்தபுரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து நியாயம் தீர்ப்பது இன்னும் சிரமம். பாளையத்தில் லத்தீன் பேராலயம், பட்டத்தில் மலங்கரைப் பேராலயம், பி.எம்.ஜி. பக்கம் சீரோ மலபார்க்காரர்களின் லூர்து மாதா ஆலயம். மூவரும் கத்தோலிக்கர், மூவருக்கும் ஒரே போப்பாண்டவர், ஈஸ்டரும் ஒரே நாள்தான். தொடக்கத்தில்தான் வம்பு. மலங்கரை, சீரோ மலபார் ஆகிய சிரியன் மரபினரின் ஐம்பது நோன்பு திங்கட்கிழமையே தொடங்கிவிடும். லத்தீன் மக்கள் விபூதிப் புதன்வரை காத்திருப்பார்கள். 2024-இல் அந்தத் திங்கள் பிப்ரவரி 12, அந்தப் புதன் 14. இடைப்பட்ட இரண்டு நாளும் ஒரே பெஞ்சில் ஒருத்தி நோன்பாளி, பக்கத்தில் இருப்பவள் பீஃப் வறுவலும் பரோட்டாவுமாக இருக்கலாம். இருவருமே திருச்சபைக்குக் கீழ்ப்படிந்த மகள்கள். பழைய சிரியன் வழக்கத்தில் மீன், முட்டை, பால்கூட விலக்கு. லத்தீன் சட்டமோ இறைச்சியோடு நிறுத்திக்கொள்கிறது. விழிஞ்ஞத்திலிருந்தும் வலியதுறையிலிருந்தும் வரும் மீனவர் வீட்டுப் பிள்ளையிடம் "இன்றைக்கு இறைச்சி கூடாது, மீன் சாப்பிடலாம்" என்று சொல்வதில் என்ன தவம் இருக்கிறது? அவன் நேற்றும் அதைத்தான் சாப்பிட்டான். இதற்கு நடுவே அரசு உதவி பெறும் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் வேறு. எட்டாம் வகுப்புவரை வாரம் ஒரு முட்டை, இரண்டு முறை பால். முட்டை தின்னாத பிள்ளைக்கு நேந்திரம்பழம். திருச்சபைச் சட்டம் விலக்குக் கொடுத்திருக்கும் ஏறக்குறைய அதே வயதினருக்குத்தான் கேரள அரசும் முட்டை கொடுக்கிறது. ரோமும் தலைமைச் செயலகமும் கலந்து பேசாமலே ஒத்துப்போன அபூர்வமான விஷயம் இது. அதையும் கெடுப்பானேன்?

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், அதே 1252-ஆம் விதியே, வயது வராத பிள்ளைகளையும் தவத்தின் உண்மையான பொருளில் வளர்க்க வேண்டும் என்று பங்குக் குருக்களையும் பெற்றோரையும் பணிக்கிறது. ஆனால் நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி குறைவு என்று யார் சொன்னது? 2024-இல் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு மார்ச் 4-இல் தொடங்கி 25-இல் முடிந்தது. தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிற்றுக்கு மறுநாள் தொடங்கி, குருத்தோலை ஞாயிற்றுக்கு மறுநாள் முடிந்தது. அந்த நாட்களில் டி.வி. இல்லை, போன் இல்லை, பந்து இல்லை, தூக்கமும் அரைகுறை. கத்தோலிக்கப் பிள்ளை மட்டுமல்ல, அதே வகுப்பிலிருக்கும் இந்து, முஸ்லிம் பிள்ளைகளும் வழிபாட்டு மரபு வித்தியாசம் பாராமல் இந்த நோன்பை நோற்கிறார்கள். திருச்சபை 40 நாளோடு விட்டுவிடுகிறது. டியூஷன் சென்டருக்கு அந்த இரக்கம் கிடையாது. இதற்கு மேல் சாக்லேட்டையும் விடு என்பது தண்டனைக்குள் தண்டனை.

சரி, அப்படியானால் பெரியவர்கள் எதை விடுவது? 2020 விபூதிப் புதனன்று போப் பிரான்சிஸ் ஒரு பட்டியலே கொடுத்தார்: செல்போனை விலக்குங்கள், வீண்பேச்சையும் வதந்தியையும் புறணியையும் விடுங்கள் என்றார். பள்ளி வளாகத்தில் புறணி எந்த அறையில், எந்தப் பீரியடில் விளைகிறது என்பதைப் பியூனிடம் கேட்டால் போதும். அத்தோடு "உன் அண்ணன் எப்படிப் படித்தான் தெரியுமா" என்ற வாக்கியத்தையும், பி.டி. பீரியடைக் கடன் வாங்கித் திருப்பித் தராத வழக்கத்தையும் 40 நாள் விட்டுப் பார்க்கலாம். தவத்தின் பொருள் பிள்ளைகளுக்கு அன்றே விளங்கிவிடும், உரை தேவைப்படாது.

எங்களுக்கு வேலைப்பளு அதிகம், வயதும் ஆகிறது என்று ஆசிரியர்கள் முறையிடக்கூடும். வயதைக் கொண்டு தப்ப வழியில்லை. ஒருசந்தியிலிருந்து விடுதலை 59 நிறைந்த பிறகுதான். கேரளத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெறுவது 56-இல். 2013 ஏப்ரலுக்குப் பிறகு பணியில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் 60 வரை வேலை உண்டு. அந்தக் கடைசி ஓராண்டில் அவர்கள் விபூதிப் புதனன்று மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடலாம். பீஃப் மட்டும் அப்போதும் கூடாது. சுத்தபோசனத்துக்கு ஓய்வு வயது கிடையாது.