விரலி மஞ்சள் ஜுராசிக்

சித்தூரில் எங்கள் வீட்டுக் கொலுவுக்கு ஏழு படி. படிகளுக்குக் கீழே தரையில் வழக்கமாகச் செட்டியார் கடையும் பூங்காவும் இருக்கும். போன வருஷம் ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் அந்த இடத்தை டைனோசர்களுக்காகக் கையகப்படுத்தினான். நஷ்டஈடு எதுவும் தரவில்லை. செட்டியார் தம்பதி நாலாம் படிக்குக் குடிபெயர்ந்தார்கள்.

நானும் உற்சாகமாக உதவினேன். பூங்காவுக்கென்று மாமியார் தாம்பாளத்தில் மண் பரப்பிக் கேழ்வரகு முளைக்கவிட்டிருந்தார். அதன் நடுவில் ஸ்டெகோசாரஸை நிறுத்தி, பின்னால் இரண்டு பிளாஸ்டிக் தென்னையை நட்டேன். மகன் வந்து பார்த்தான்.

"அப்பா, இது 15 கோடி வருஷத்துக்கு முன்னாடி இருந்தது. அப்போ புல்லே கிடையாது."

"இது புல் இல்லடா, கேழ்வரகு."

"கேழ்வரகும் புல் குடும்பம்தான். அதோட, பொம்மை நாற்பதில் ஒரு பங்கு அளவு. உங்க கேழ்வரகு அதுக்குப் பத்தடி உயரம்."

விட்டுவிட முடியுமா? இரவு உட்கார்ந்து படித்து, காலையில் ஆதாரத்தோடு வந்தேன். மகாராஷ்டிராவில் பிஸ்துரா என்ற ஊரில் கிடைத்த டைனோசர் சாணத்தின் புதைபடிவத்தில் புல்லின் தடயம் இருப்பதாக 2005இல் ஓர் ஆய்வு வெளியாகியிருக்கிறது. நம் நாட்டு டைனோசர் புல் தின்றிருக்கிறது! சாணத்தை ஆதாரம் காட்டி மகனோடு வழக்காடிய தகப்பன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"அது ஆறரைக் கோடி வருஷத்துச் சாணம்பா. ஸ்டெகோசாரஸ் அந்தப் புல்லைத் தின்ன இன்னும் எட்டரைக் கோடி வருஷம் காத்திருக்கணும்."

வழக்கு தள்ளுபடி.

வெளிநாட்டுக் கம்பெனிகள் அந்தக் காலத்துச் செடிகளையும் பொம்மையாக விற்கின்றன. விலையைப் பார்த்ததும் அந்தச் செடிகள் அழிந்துபோனதில் எனக்கு வருத்தம் குறைந்தது. 70 கிலோமீட்டர் பஸ்ஸில் போய்த் திருப்பதி பொம்மைக் கடையொன்றில் விசாரித்தேன். கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் ரோஜாச் செடியை எடுத்து வைத்து, "இதி டைனோசாருக்கி பாகுண்டுந்தி சார்" என்றார். டைனோசருக்கு நன்றாக இருக்குமாம். ஏதோ அதற்குக் கல்யாணம் மாதிரி.

அங்கேயே இருக்கும் ஓய்வுபெற்ற தாவரவியல் வாத்தியார் ஒருவரிடம் போய்ப் புலம்பினேன். அவர் சிரித்துவிட்டு மறுநாள் என்னை மலைப் பக்கம் அழைத்துப் போனார். ஒரு சரிவில், பாறை இடுக்கில், காட்டுத்தீயில் கறுத்த அடிமரத்தின் உச்சியில் இறகு இறகாக இலை விரித்து நின்றது ஒரு செடி. பனைக்குட்டி என்று நினைத்தேன். "பனைக்கும் இதுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. சைக்கஸ் பெட்டோமி. உலகத்திலேயே இந்தப் பக்கத்து மலைகளில்தான் இயற்கையாக வளருது" என்றார்.

சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெட்டோம் துரையின் பேரை 1883இல் இதற்கு வைத்திருக்கிறார்கள். அழியும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையில் மிகக் கடுமையானது முதல் பட்டியல். அதில் இருக்கும் ஒரே சைக்கஸ் இதுதான். இதன் ஆண் கூம்பை வீரிய மருந்துக்கென்று வெட்டி வெட்டியே கூட்டம் குறைந்துபோனது. அலிபிரியிலிருந்து திருப்பதி மலைக்கு 3,550 படி ஏறியவன் நான். எத்தனையோ தடவை போயும் என் கண்ணில் பட்டது லட்டு கவுண்டர்தான். போதாததற்கு 2022 ஏப்ரலில் மாவட்டத்தைப் பிரித்தபோது செடி திருப்பதிக்குப் போய்விட்டது. சித்தூருக்கு மிச்சம் மாம்பழக்கூழ்.

வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன்: "டைனோசர் பார்த்த செடியை நான் பார்த்துட்டேன்!"

மகன் எங்கிருந்தோ 2011ஆம் வருஷத்து ஆய்வு ஒன்றை எடுத்து நீட்டினான். சைக்கஸ் வம்சம் டைனோசருக்கும் மூத்ததாம். ஆனால் இன்றைக்கு இருக்கும் வகைகள் பெரும்பாலும் ஒன்றேகால் கோடி வருஷத்துக்குள் கிளைத்தவையாம். ஜமீன் வீட்டுக் கொள்ளுப்பேரனைப் பார்த்துவிட்டு ஜமீன்தாரையே பார்த்ததாக அளந்திருக்கிறேன்.

கடைசியில் கைகொடுத்தவர் புதைபடிவத் தாவரங்களை ஆராய்ந்த பீர்பால் சாஹ்னி. ராஜ்மகால் மலையில் கிடைத்த கல்லான துண்டுகளை வைத்து, வில்லியம்சோனியா என்ற டைனோசர் காலத்துச் செடியின் முழு உருவத்தை 1932இல் அவர் வரைந்து காட்டினார். பார்க்க சைக்கஸ் மாதிரி, சுமார் இரண்டு மீட்டர் உயரம். அந்த ஜாதிச் செடிகளின் இலை அச்சுகள், நாங்கள் சென்னைக்குப் போகிற வழியில் ஸ்ரீபெரும்புதூர் மண்ணிலும் கிடைத்திருக்கின்றன. இரண்டு மீட்டரை நாற்பதால் வகுத்தால் ஐந்து சென்டிமீட்டர். ஐந்து சென்டிமீட்டரில், இலை உதிர்ந்த தழும்பு போல வரிவரியாக, வீட்டில் என்ன இருக்கிறது?

விரலி மஞ்சள்!

டிகாக்‌ஷனில் ஊறவைத்து நிறம் ஏற்றினோம். உச்சியில் துளைபோட்டு, கொல்லைப் புளியமரத்தின் இலைக்கொத்துகளைச் செருகினோம். அச்சு அசல் ஜுராசிக். மஞ்சள் என்பதால் மாமியாருக்கும் சந்தோஷம். "மங்களகரமா இருக்கு மாப்பிள்ளை" என்றார். புளியங்கொழுந்தைச் சிந்த சிகுரு என்று பருப்பில் போடும் ஊரில், புளிய இலைக்கு இப்படியொரு பதவி உயர்வு கிடைத்ததில்லை.

சாயங்காலம் விருந்தாளிகள் வர ஆரம்பித்தார்கள். புளிய இலை பொழுது சாய்ந்தால் மூடிக்கொள்ளும் என்பதை நான் மறந்துவிட்டேன். சுண்டல் வரும் நேரத்தில் மொத்தக் காடும் கைகூப்பித் தூங்கிவிட்டது. "செடி வாடிப்போச்சா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு மாமி. "இல்லை மாமி, டைனோசர் அழியப்போகுதுன்னு துக்கம்" என்று சமாளித்தான் மகன். மறுநாள் பச்சைக் காகிதத்தை வெட்டி ஒட்டினோம்.

டைனோசரின் பல்லை எண்ணிப் பார்த்து வாங்குகிற நாம், அது எதைத் தின்று வளர்ந்தது என்று கேட்பதில்லை. மலைக்குப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் அந்தச் செடியையும் தேடிப் பாருங்கள். பார்த்தால் போதும், பறிக்க வேண்டாம். நவராத்திரிக்குச் சித்தூர் பக்கம் வந்தால் எங்கள் வீட்டுக்கும் வாருங்கள். சுண்டல் உண்டு. புல் கிடையாது.