‘ஒன்றுவிட்ட’: விட்ட அந்த ஒன்று எது? – ஒரு முன்னாய்வு

‘ஒன்றுவிட்ட அண்ணன்’ என்கிறோம். விட்ட அந்த ஒன்று எது என்று தொல்காப்பியர் தொட்டு எவரும் கேட்டிலர். இப்பெருங்குறையை நீக்க இக்கட்டுரை முனைகிறது. (குறை இருப்பதாக முதலில் நிறுவாவிட்டால் ஆய்வேடு செல்லாது என்று நெறியாளர் ஒருவர் காதோடு சொன்னார்.)

‘விட்ட’ பெயரெச்சம். அண்ணன் எழுவாயானால், அவன் எதையோ விட்டவன். படிப்பை என்பது சித்தப்பா கொள்கை (வாய்மொழி, திண்ணை). அண்ணன் செயப்படுபொருளானால், ஏதோ ஒன்று அவனை விட்டுப் போயிற்று. புத்தி என்பது பெரியம்மா துணிபு (வாய்மொழி, அடுக்களை, திருத்திய இரண்டாம் கூற்று, பெரியப்பா கடைக்குப் போயிருந்தபோது வெளியாகி, அவர் திரும்பியதும் மீட்டுக்கொள்ளப்பட்டது). பெற்றவளே சொன்னதால் இது முதன்மைச் சான்று. நிலம், காலம், கருவி பொருந்தா. உறவில் ஒரு படி தள்ளி என்பதே பொருள் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். அதனாலேயே அதை ஏற்பதற்கில்லை.

மேலைநாட்டார் ஒருவராவது வராமல் ஆய்வு சோபிக்காது. அமெரிக்க வழக்கறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் வெளியிட்ட உறவுமுறைப் பெருநூலில் தமிழரையும் செனகா பழங்குடியினரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். இரு சாராருக்கும் அப்பாவின் உடன்பிறந்தானும் அப்பா வகை. அவன் பிள்ளைகள் அண்ணன் தம்பி. அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை வேறு வகை. அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்பதற்கு இதையும் ஒரு சான்றாக்கினார். ஒரு சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டு பசிபிக்கைத் தாண்டும் துணிவு ஆய்வாளருக்கே வாய்க்கும். மார்கனை நான் படித்ததில்லை. படித்தவரைப் படித்தவரைப் படித்தேன். துறையில் இதற்கு மேற்கோள் என்று பெயர். ரெண்டுவிட்ட வாசிப்பு என்பேன்.

ஆனால் ஒன்று: பெரியப்பா மகன் நேராகவே அண்ணன் என்றால், ‘ஒன்றுவிட்ட’ எதற்கு?

இங்கேதான் இலக்கணிகள் கோட்டைவிட்டனர். இச்சொல்லுக்கு விளிவேற்றுமை இல்லை. ‘ஒன்றுவிட்ட அண்ணா, சாப்பிட வாங்க’ என்று எந்தப் பந்தியிலும் எவரும் அழைத்ததில்லை. முன்னிலையும் இல்லை. அண்ணன் தெருமுனை திரும்பிய பிறகே பயன்படுவது, படர்க்கைக்கே உரியது. ‘பங்காளி’ இவ்வாறன்று. அது தனி நூலுக்குரியது. வழக்குக் கட்டுகள் கிடைத்ததும் எழுதப்படும்.

தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூவகை விகாரமும் இதற்கு உண்டு. அண்ணன் ஜாமீன் கையெழுத்துக் கேட்டால் ‘ஒன்றுவிட்ட’ தோன்றும். தாசில்தாரானால் கெடும். சீட்டுப் பணத்தோடு ஊரைவிட்டுப் போனால் ‘ஒன்று’ ‘ரெண்டு’ எனத் திரியும். (சான்று: மேற்படி பெரியம்மா, மூன்றாம் கூற்று, புழக்கடை, துணி பிழிந்தபடி, பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலாக வெளியிட்டது. சீட்டுக்காரர்கள் வாசலில் நின்றதால், பெற்ற மகனையே ‘எங்க ஓரகத்தி வழியில ஏதோ பையன்’ என்றார்.)